மூன்றாவது சிலிண்டர்

சனியின் துணைக்கோள் டைட்டன், மேற்கு நிலையம். பட்டறைக் குறிப்பேடு. எழுதுவது ஆத்திமுத்து, வண்டிப் பொறுப்பு.

நாள் 212. 07:10

பழுதுள்ள வண்டியைப் பழுதில்லை என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். பிக்கப்பின் கணினி, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது இடையிடையே எரியாமல் விடுகிறது என்று காலையில் குறி காட்டியது. குறி இருந்தால் வண்டி வெளியே போகக் கூடாது என்பது விதி. குறியை அழித்தேன். 06:50க்கு ஓட்டுநர் ரெஜினாவும் பனி ஆய்வாளர் தமீமும் கிளம்பினார்கள். ஆற்றுப்படுகை, முப்பத்தெட்டு கிலோமீட்டர். தொட்டி முழுசு. டயர், விளக்கு, ரேடியோ சரி.

இதைக் கண்டெடுப்பவர் வேற்று இடத்து ஆளாக இருக்கலாம். இங்கே காற்றிலேயே மீத்தேன் இருக்கிறது. எரிபொருளைச் சுமக்க வேண்டாம், ஆக்சிஜனைத்தான் சுமக்க வேண்டும். இன்ஜின் குடிப்பதும் உள்ளே இருப்பவர்கள் சுவாசிப்பதும் ஒரே தொட்டி. கேபினுக்குச் சூடும் இன்ஜினிலிருந்துதான். வெளியே மைனஸ் நூற்றெழுபத்தொன்பது.

நாள் 212. 08:30

இதுவரை பார்த்தது. மூன்றாவது சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டேன். காயில் கெட்டிருந்தால் மிஸ்ஸிங் ஒன்றுக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பிளக்கை மாற்றினேன், இன்ஜெக்டரை மாற்றினேன், மூன்றிலேயே நின்றது. கம்ப்ரஷன் நான்கிலும் ஒன்றுபோல். பட்டறைச் சூட்டில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு தடவைகூட விட்டு அடிக்காது. வெளியே போய் மேடேறினால் வரும், இறங்கினால் போய்விடும். பதினொரு நாள் ஆகிறது.

நாற்பத்தாறு வருஷமாக இன்ஜினைக் காதால் கேட்பவன் நான். போன வாரம் ரெஜினா, கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் முன்னாலேயே சொன்னாள்.

நாள் 212. 10:55

ரெஜினா பேசினாள்.

"வண்டிக்கு விக்கல் அண்ணாச்சி. ஆத்துக் கரை ஏறுனா விக்குது. யாரோ நெனைக்காவ போல."

படுகையிலேயே வேலையை முடித்துவிட்டு, திரும்பும்போது மெதுவாக ஏறச் சொன்னேன்.

நாள் 212. 12:20

திரும்பும் ஏற்றத்தில் இன்ஜின் மூன்று காலில் நடக்கிறது. விடாமல் மிஸ்ஸிங். எரியாத ஆக்சிஜன் புகைக்குழாய் வழியே போகிறது. தொட்டி நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு தடவை நின்றுவிட்டது. உதிரிக் காயிலை மாட்டச் சொன்னேன். கவசத்தோடு தமீம் இறங்கினார். காயில் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

நாள் 212. 13:40

காயில் மாற்றியும் அப்படியே. பிளக்கைக் கழற்றச் சொன்னேன். அதுவும் அல்ல என்று தெரியும். தொட்டி நாற்பத்தொன்று. தமீம் இரண்டு முறை இறங்கி ஐம்பது நிமிஷம் வெளியே நின்றிருக்கிறார். கையுறைச் சூடு அவ்வளவு நேரம் தாங்காது.

"அண்ணாச்சி, தமீமுக்கு ரெண்டு விரலு கறுத்துப்போச்சு. வலிக்கலங்காரு. வலிக்கலன்னாத்தான் பயமா இருக்கு. இனி எதையாவது கழத்தச் சொன்னா யாரு கழத்த?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை.

நாள் 212. 14:05

காயில் இல்லை, பிளக் இல்லை, இன்ஜெக்டர் இல்லை என்றால் மிச்சம் வயர். இது 08:30க்கே தெரியும். அதற்கு முன்பும் தெரியும். அந்த வயரைக் கட்டியது என் கை.

கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கிளிப் இந்தக் குளிரில் கண்ணாடி போல் உடைகிறது. உலோகக் கிளிப் கேட்டு மூன்று முறை எழுதினேன். அனுமதிக்கப்பட்ட பொருள் அல்ல என்று மூன்று முறையும் பதில் வந்தது. கட்டுக்கம்பியால் கட்டினேன். வேறு வழி வைத்தார்களா? கட்டியது குற்றம் என்று இன்னமும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் குளிரில் கம்பி சுருங்கும், வயரின் உறையைக் கடிக்கும். மேட்டில் இன்ஜின் சாயும்போது கம்பி செம்பைத் தொடும். பட்டறையில் தொடாது. குறி காட்டி வண்டி நின்றால் தலைமையகம் கேட்கும், வயரில் யார் கை வைத்தது என்று. அதற்காக அழித்தேன். ரெஜினா கேட்டபோது, கம்பெனி வயர், என் கையே படவில்லை என்றேன்.

நாள் 212. 14:20

சொல்லிவிட்டேன்.

"ரெஜினா, இன்ஜினுக்குப் பின்பக்கம் கைய விடு. கட்டுக்கம்பி ஒண்ணு தட்டும். அத வெட்டிட்டு வயர்ல டேப்பு சுத்து. நான் கட்டுனதுதான்."

"கையே படலன்னு சொன்னீயளே அண்ணாச்சி."

"சொன்னேன்."

"தமீமு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

நாள் 212. 14:50

ஒன்பது நிமிஷத்தில் வெட்டிவிட்டாள். மருந்துப் பெட்டி டேப்பைச் சுற்றியிருக்கிறாள். நான்கு சிலிண்டரும் அடிக்கின்றன. ரேடியோவில் கேட்டேன், ஒன்றுகூட விடவில்லை. பதினொரு நாள் தேடிய பழுது ஒன்பது நிமிஷம்.

தொட்டி இருபத்தாறு. இரண்டு பேர் மூச்சையும் சேர்த்தால் நிலையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால் தீர்ந்துவிடும். இங்கே இருப்பது நான் ஒருவன், பேட்டரிக் கைவண்டி ஒன்று. பதினைந்து கிலோமீட்டர் ஓடும், திரும்ப ஓடாது. இரண்டு ஆக்சிஜன் உருளை ஏற்றுகிறேன். வர வேண்டாம், உங்கள் கவசச் சூடு நாலு மணி நேரம்தானே என்றாள். எனக்குத் தெரியும் என்றேன்.

நாள் 212. 15:15

உருளை எடுக்கப் போனபோது நிலையத்தின் காற்றுக் குழாயைப் பார்த்தேன். அதில் கட்டுக்கம்பி. வாசல் கதவின் சூட்டு வயரில் கட்டுக்கம்பி. பெருமையாகத்தான் கட்டினேன். எண்ணினேன். பத்தொன்பது இடம். குளிர் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி ஏழு. நேரம் இல்லை. செய்ய வேண்டியது:

ரெஜினா. உள்ளே வந்ததும் கவசத்தைக் கழற்றாதே. முதலில் காற்றுக் குழாய். பிறகு கதவு வயர். பிறகு மற்ற பதினேழும். இடங்களைக் குறட்டுப் பெட்டி மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்பி எதையும் விட்டுவிடாதே, கை விட்டுப் பார்.

தமீம். விரல் போனதற்குக் காரணம் கேட்டுத் தாள் வரும். விபத்து என்று எழுத வேண்டாம். என் பெயரை எழுதுங்கள்.

தலைமையகம். உலோகக் கிளிப் அனுப்ப வேண்டும். இது நாலாவது முறை. நான் பொய் சொன்னதால் கிளிப் உடையாமல் போய்விடாது.

பத்தொன்பது நாளில் வரும் கப்பலின் ஆட்கள். கதவு திறக்காவிட்டால் வெளியிலிருந்து வெட்டுங்கள். இந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆத்திமுத்து. பன்னிரண்டாம் கிலோமீட்டர் கம்பம், 18:00க்குள், இரண்டு உருளையும். கைவண்டியின் பேட்டரி வயரும் நான் கட்டியது. அதை மாற்றப் போனால் நேரம் போய்விடும். வழியில் நின்றால் ஒன்றைத் தோளில் தூக்கி, ஒன்றை இழுத்துக்கொண்டு நடப்பேன்.