ஆட்சேபணை இல்லை

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், வழக்கமாக எழுதித் தரும் பக்கத்து வீட்டு டெய்லர் இல்லை. எழுத்துக் கோணலே அதற்குச் சாட்சி. இங்கே நான் நலம். அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே பார்க்கிற வேலையில் கால் வீக்கம் குறைந்ததா?

இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். எனக்கு அறுபத்தெட்டில் வளைந்திருக்கிறது, கொஞ்சம் முனகிக்கொண்டு. நூலகத்து மாலை வகுப்பில் எனக்குத்தான் முன் பெஞ்சு. டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். 'ழ' எழுதினால் மட்டும் என் கை வெள்ளையடிக்கிற பழக்கத்தில் மேலும் கீழும் இழுக்கிறது. நாற்பது வருஷத்தில் எத்தனை சுவர் எழுத்தின்மேல் சுண்ணாம்பு அடித்திருப்பேன், என்ன எழுதியிருந்தது என்றே தெரியாமல். இப்போது ஒரு போர்டை விடுவதில்லை. பஸ் கண்டக்டர், பெருசு, ஏறப் போறியா, படிச்சுக்கிட்டே நிக்கப் போறியா என்று கேட்கிறார்.

உன் குட்டியைச் சனிக்கிழமைதோறும் பார்க்கிறேன். தீர்ப்புப்படி அவளை அவள் அப்பாவோடு அனுப்பிய பிறகு, கோர்ட்டிலேயே ஓர் அறையில் ஒரு மணி நேரம். முன்பல் விழுந்திருக்கிறது. அம்மா வந்தாலும் இந்த ரூமுக்குத்தான் வரணுமா தாத்தா என்று கேட்டாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போனில் சொல்ல மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் திரும்ப வைத்துவிட்டேன்.

வீட்டில் இருக்கும் தாள் எதையாவது கொண்டுவந்து படியுங்கள் என்றார் டீச்சர். என்னிடம் இருந்தது கேஸ் கட்டுதான். அதில் ஒரு பக்கத்தை ஒன்பது நாள் படித்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் தன் தங்கையின் கணவர் என்று நீதிபதியே அதில் சொல்லியிருக்கிறார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வழக்கு வேறு நீதிபதிக்குப் போகும் என்றும் இருக்கிறது. ஆட்சேபணை என்பதை ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்து, இந்த அம்மா யார் என்று டீச்சரைக் கேட்டேன். சிரித்துவிட்டு அர்த்தம் சொன்னார். அடுத்த சொல் 'இல்லை'. அது முதல் வாரமே படித்த சொல். அதற்குக் கீழே என் கையெழுத்து.

உனக்குப் பதிலாக நிற்க நீ எனக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தாய் அல்லவா. அன்று நம் வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். குமாஸ்தா தாளை நீட்டி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பின்னால் உன் மாமனார் வீட்டார் நின்றிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வரிவரியாகக் கண்ணை ஓட்டி, தலையைக்கூட ஆட்டினேன். பிறகு போட்டேன். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் போடுவதற்காக ஏழு வயதில் நீ சொல்லிக்கொடுத்தாயே, அதே கையெழுத்து. கைநாட்டு வைத்திருந்தால் உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் வாங்கியிருப்பார்களாம். மேல்முறையீட்டுக்காக நான் பார்த்த புது வக்கீலம்மா சொன்னார். நான் கைநாட்டு இல்லை என்று எத்தனை வருஷம் மார்தட்டியிருக்கிறேன்.

நீதிபதி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வக்கீல் பேசினால் பேனாவை எடுப்பார், நம்மவர் பேசினால் கடிகாரத்தைப் பார்ப்பார். கோர்ட் வழக்கமே அப்படித்தான் போலிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

மேல்முறையீட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அன்று எனக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சத்தியம் செய்து கொடுத்தால், வேறு நீதிபதி முதலிலிருந்து கேட்க வழி இருக்கிறதாம். ஆனால் உன் மனுவில், என் தகப்பனார் பத்தாவது படித்தவர், குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார் என்று இருக்கிறது. அதையும் படித்துவிட்டேன். கல்யாணம் பேசும்போது அவர்களிடம் சொன்னாயே, அதே பத்தாவது. இரண்டில் எது பொய் என்று கேட்பார்கள். அதனால் நீயும் எழுதித் தர வேண்டும், அப்பாவுக்கு அப்போது எழுத்து வாசனையே கிடையாது, படித்தவர் என்று நான்தான் பொய் சொன்னேன் என்று. என் மானத்தைக் காக்கத்தான் அப்படிச் சொன்னாய், தெரியும். இனி அது வேண்டாம் அம்மா. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். குட்டி வீட்டுக்கு வரட்டும்.

வக்கீலம்மாவுக்கு அனுப்புவதைத் தனியாக அனுப்பு. எனக்கும் ஒரு கடிதம் போடு. பெரிய எழுத்தாக, சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுது. டீச்சரிடம்கூடக் காட்ட மாட்டேன். நீ என்ன எழுதியிருந்தாலும், எவ்வளவு எழுதியிருந்தாலும், கடைசி எழுத்துவரை நானே உட்கார்ந்து படிப்பேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் அப்பா