சசாபொன்சமுக்குக் கயிறு முடியத் தெரியாது

அசுபுவா,
சனிக்கிழமை.

யாவ் பொன்சு அவர்களுக்கு,

திவா எழுதுகிறேன். நாம் பிரிந்த பதினோரு ஆண்டுகளில் இது என் முதல் கடிதம். தொலைபேசியில் அழைத்தால் நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். மரியாதைக்குக் கேட்டுவிடுகிறேன்: அக்ராவில் உங்கள் உடம்பும் நாவலும் எப்படி இருக்கின்றன?

நம் மகன் க்வாகுவுக்கு நேற்று முன்தினம், வியாழக்கிழமை, பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தைக்கு உங்கள் மூக்கு. மற்றபடி குறையொன்றும் இல்லை.

வியாழனில் பிறந்ததால் யா என்ற பெயர் தானாக வந்துவிட்டது. அதனுடன் சேரும் பெயரைத் தகப்பன் வைக்க வேண்டும். என் பாட்டியின் பாட்டி அதோமாவின் பெயரை வைக்க க்வாகு விரும்புகிறான். எட்டாம் நாள் விடியலில் பெயரிடுவது என்று முடிவும் செய்தோம். நேற்று மருமகளின் தாய்மாமன் அப்பியா வந்தார். உங்கள் நாவலை ஞாயிறுதோறும் வானொலியில் வாசிக்கிறார்கள் அல்லவா, அதை ஒரு வாரம் விடாமல் கேட்டிருக்கிறார்.

"சசாபொன்சம் பூதம் தூக்கிட்டுப் போய்த் தின்ன பொம்பள பேர எங்க வீட்டுப் பொண்ணுக்கு வைப்பீங்களா? அப்படிச் செத்தவளுக்கு எழவே கெடையாது, இதுல பேரு வேறயா?" என்றார்.

அது வெறும் கதை என்றேன்.

"கதைக்கு எதுக்கும்மா வருஷமும் மாசமும்? ஒம் பழைய புருஷன் தேதி போட்டுல்ல எழுதியிருக்காரு" என்றார்.

அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

மூன்று ஆண்டுகள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்ததாக முன்னுரையில் சொல்கிறீர்கள். மரக்கிளையில் அமர்ந்து, இரும்புக் கொக்கிக் கால்களைத் தொங்கவிட்டு, கீழே போகிறவர்களைத் தூக்கும் அந்தப் பூதம் எந்தக் கோப்பில் இருந்தது? வரலாற்றுக் கதையில் பூதம் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் அதற்குப் பயந்தார்கள்; பயத்தையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் நம் ஊர் சசாபொன்சம், மண்ணுக்கு ஓய்வு நாள் என்று தெரிந்தும் காட்டுக்குள் தனியாகப் போகிற வேட்டைக்காரனைப் பிடிக்கும். அதோமா உட்பட, ஊர்த் தலைவனுக்கு நிலம் தர மறுத்த பதினேழு பேரை மட்டும் பொறுக்கி எடுக்காது. கழுத்தோடு கழுத்தைப் பிணைத்துக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டும் போகாது. அதற்குக் கயிறு முடியத் தெரியாது.

அந்தக் கயிற்றை முடிந்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குத் திருமணமான புதிதில் நீங்களே சொன்னீர்கள். சொல்லிவிட்டு அழுதீர்கள். நாவலில் உங்கள் முப்பாட்டனார் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்ப் பூதத்தோடு மூன்று நாள் போரிடுகிறார். ஒரு காதை இழக்கிறார். படிக்க நன்றாகவே இருக்கிறது. அந்தத் துப்பாக்கி எதற்கு ஈடாக அவர் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும் இருநூற்று எண்பது பக்கங்களில் இடமில்லை.

க்வாகு இதை உங்களிடம் கேட்டானாம். "ஒருத்தரோட பூர்வீகத்த இன்னொருத்தர் வெளிய சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க சட்டம் இருக்குடா. அதான் பூதத்த வெச்சேன்" என்றீர்களாம். விற்கப்பட்டு வந்தவர்களை யாரும் இழிவாகப் பேசக் கூடாது என்று போட்ட சட்டம் அது. விற்றவர்கள் அதற்குள் வந்து ஒளிந்துகொள்வார்கள் என்று போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

அதோமா எங்கோ ஓர் ஊரில் யாருக்கோ சமைத்துப் போட்டு, யாருக்கோ இன்னும் பிள்ளை பெற்று, மூப்படைந்து இறந்திருப்பாள். அது நல்ல சாவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மனிதச் சாவு. முன்னோருக்கு மது ஊற்றும்போது அவளையும் பெயர் சொல்லி அழைத்துவந்தோம். உங்கள் நாவல் வானொலியில் வரத் தொடங்கிய இந்த இரண்டு மாதங்களாக, அவள் பெயர் வர வேண்டிய இடத்தில் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.

அப்பியா பிடிவாதக்காரர், அநியாயக்காரர் இல்லை. நீங்கள் அன்று சொன்னதை அவரிடம் சொன்னேன். "எழுதுன ஆளே எம் முன்னால வந்து, பூதம் என்னுது, வித்தது எங்க முப்பாட்டன்னு சொல்லட்டும். அந்தப் பேர நானே மொதல்ல கூப்பிடுறேன்" என்றார். ஆகவே புதன்கிழமை மாலைக்குள் வந்துவிடுங்கள். வராவிட்டால் குழந்தைக்கு யா மட்டும்தான். இந்த ஊரில் வியாழனில் பிறந்த எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும் அவளும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குழந்தையின் நாக்கில் தண்ணீரும் மதுவும் தொட்டு வைப்பது நீங்களாக இருக்க வேண்டும் என்று க்வாகு ஆசைப்படுகிறான். தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று எச்சரித்துப் பார்த்தேன். "அதுக்குத்தாம்மா, அவர் மொதல்ல அப்பியா மாமாகிட்டப் பேசட்டும்" என்கிறான். அவன் உங்கள் மகன். இன்னும் உங்களை நம்புகிறான். 'தண்ணின்னா தண்ணின்னு சொல்லு, சாராயம்னா சாராயம்னு சொல்லு' என்று அந்தச் சின்னக் காதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பெரியவர்கள் முன் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு விரலை நனையுங்கள். அதற்கு முன் அவளைத் தொட விடமாட்டேன்.

வரும் வழியில் மழை இல்லாமல் இருக்கட்டும், லாரி பழுதாகாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்காக அல்ல.

இப்படிக்கு,
அதோமாவின் பேத்தியின் பேத்தி,
திவா