வியர்த்த பெட்டி

சாயல்குடி முக்கில் டீ குடிக்க நின்றேன். தூத்துக்குடி போகிற கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. வெயிலில் காய்ந்த இரும்பு வாடை. என் விரல் தானாகப் போய் பெட்டியின் கீழ்மூலைத் துளைக்குள் நுழைந்தது. டிரைவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீ இருந்திருந்தால் அவருக்கும் பாடம் நடத்தியிருப்பாய்.

அந்தத் துளையை எனக்குக் காட்டியவன் நீதான். எந்த நாட்டில் செய்தாலும் அதன் அளவு மாறாது என்றாய். கப்பலும் ரயிலும் லாரியும் அதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. "உள்ள மிளகாயா மெஷினான்னு கிரேனுக்குத் தெரிய வேண்டாம் மாப்ள. மூலை தெரிஞ்சாப் போதும்." பெட்டிக்கு முன் நம் மிளகாய் மூடைகள் லாரியில் ஏறி, துறைமுகக் கொட்டகையில் இறங்கி, கொக்கியில் கிழிந்து, மறுபடி கப்பலில் ஏறின. எனக்குத்தான் படித்தவன் என்று பேர். மிளகாயைப் பெட்டியில் அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

நயினார்கோவிலுக்கே ஒரு பெட்டியை வரவழைத்தாய். கண்மாய்க்கரை வளைவில் லாரி திரும்பவில்லை. உலகத்துக்கே அளவெடுத்தவர்கள் நம் கண்மாய்க்கரையை விட்டுவிட்டார்கள் என்றேன். நீ சிரிக்கவில்லை; ஊர் மூடைகளையெல்லாம் ரோட்டுவரை சுமக்கவைத்துப் பெட்டியில் ஏற்றினாய்.

மிளகாய் நொறுங்காமலிருக்க, மூடை பிடிக்கும் முன் தண்ணீர் தெளிப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். திறந்த லாரியில் போனால் வழியிலேயே காற்றுப்பட்டு உலர்ந்துவிடும். பூட்டிய பெட்டிக்குள் அந்த ஈரம் எங்கே போகும்? கடல் தாண்டிப் போய்த் திறந்தபோது எல்லாம் பூஞ்சை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து என்னைக் கைகாட்டினாய். "இவுக வீட்டு மூடைதான் ஈரம்." அதன்பின் எங்கள் மிளகாயை யாரும் நம்பி வாங்கவில்லை. உன்னோடு பேச்சை நிறுத்தினேன்.

சில மாதம் கழித்து வாசலில் வந்து நின்றாய். மன்னிப்புக் கேட்க அல்ல. பெட்டியில் ஓட்டை இருந்து தண்ணீர் இறங்கியதா, இல்லை உள்ளேயே உண்டானதா என்று பார்க்க வேண்டுமாம். "வாரியா, உள்ள நின்னு பாப்போம்." கோபம் அப்படியே இருந்தது. தெரிந்துகொள்ளும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. வந்தேன்.

பகலெல்லாம் வெயிலில் கிடந்த அதேமாதிரிப் பெட்டி. உள்ளே நாம் இருவரும், தண்ணீர் தெளித்த மூடைகளும். அதைக் கொண்டுவந்த டிரைவர் கதவைச் சாத்தினார். பொட்டு வெளிச்சம் இல்லை. ஆக ஓட்டை இல்லை. நெடியில் இருமிக்கொண்டே நின்றோம். நீ சொல்லிவைத்தபடி அவர் ஏணி போட்டு ஏறிக் கூரைமேல் தண்ணீர் ஊற்றினார். தகடு குளிர்ந்தது. சற்று நேரத்தில் என் முன்னங்கையில் ஒரு சொட்டு. அடுத்தது உன் தலையில். பெட்டியே வியர்த்தது. நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். சிரித்து முடித்து, இருட்டில், தணிந்த குரலில் சொன்னாய்: "எங்க வீட்டுலயும் தெளிச்சோம்டா."

கதவு திறந்தது. டிரைவரிடம் கூரையைப் பற்றி மட்டுமே பேசினாய். உள்ளே சொன்னதை ஊரில் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டாய்.

உன் கருமாதிப் பந்தியில் உன் மகனிடம் கேட்டே விட்டேன், அன்றைக்கு உங்கள் வீட்டு மிளகாயும் ஈரம்தான் என்பது தெரியுமா என்று. "தெரியும் மாமா. அய்யா எங்ககிட்டச் சொல்லியிருக்காக" என்றான், சர்வசாதாரணமாக. எதிர்ப்பந்தியில் அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

"அதை இங்கன சொல்லு. அவுகளுக்குக் கேக்கட்டும்" என்றேன்.

அவன் அவர்களைப் பார்த்தான். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னான்.

சாப்பிட்டேன். கோபத்தோடுதான் எழுந்து வந்தேன். இன்றும் அது தீரவில்லை. அதோடு ஒரு கேள்வியும் இருக்கிறது. கூரை எவ்வளவு குளிர்ந்தால் முதல் சொட்டு விழும்? அதை உன்னிடம்தான் கேட்க முடியும்.