வாயாடி என்ற கடவுச்சொல்

அன்புள்ள அப்பா,

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லப்பா" என்று இன்று வங்கியில் நான் சொல்லவில்லை.

உங்கள் கிரெடிட் கார்டு கணக்கை இணையத்தில் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னபோது, என் செல்லப்பெயரான 'வாயாடி'யையே கடவுச்சொல்லாக வைத்தீர்கள். அதைப் போட்டு உள்ளே போய், உங்கள் அலைபேசி எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் பதிந்தேன். அந்தக் கார்டில் நான் செலவழித்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே போனது.

"நான் வாங்காத சாமானுக்கு பில்லா? ஒரு மெசேஜ்கூட வரலியே!" என்று கவுன்டரிலிருந்த பெண்ணிடம் கத்தினீர்கள்.

"இப்ப ஒண்ணு அனுப்பறேன் சார், பாருங்க" என்றாள். என் கைப்பைக்குள் அலைபேசி அதிர்ந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் கோளாறுதான் சார்" என்றாள்.

வாசல்வரை வந்த பிறகு, "பாவம், ரொம்பத் திட்டிட்டேன்மா" என்று திரும்பிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

உங்கள்
வாயாடி