இரண்டு மேசைகளுக்கு நடுவில் ஒரு தூதரகம்

ஜனவரி 21, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மாத்தளை மலைகள் ஒன்றையும் காணவில்லை, யாரோ சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று தொடங்கி நான் எழுதப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன். எழுதுகிற கைக்கே பாதி நம்பிக்கைதான். ஆகவே ஒருவருக்கும் காட்டுவதாக இல்லை.

இன்றைய வேலைகள்: பல் வைத்தியர் (ஒத்திவைப்பு). குடைக்குக் கம்பி. தங்கச்சி சுபைதாவுக்கு இஞ்சி. கடையில் மூன்றாம் உலகப் போரைத் தடுத்தல்.

கடை என்றால் மிளகு, கராம்பு, சாதிக்காய் மொத்த வியாபாரம். முதலாளிகள் இருவர். ரிஸ்வான், சுபைதா பெற்ற மகன். நாவுல, பல்லேபொல ஊர்த் தோட்டக்காரர்களிடம் மிளகு வாங்குவது, காயவைப்பது அவன் பக்கம். ஃபாஸில், சுபைதாவின் மகளைக் கட்டியவன், விற்பது, கொழும்புக் கம்பனியோடு பேசுவது (இனி கொ.க.) அவன் பக்கம். இரண்டு மேசை. நடுவில் ஒரு முழ இடம். அந்த முழத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் நான்.

பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மத்திய மாகாணத்து பஸ்களையெல்லாம் ஒரே விசிலால் ஆண்டவன். இன்றைக்கு இரண்டு மருமக்களுக்கு நடுவில் தந்திக் கம்பி.

இன்று காலை நடந்த பேச்சுவார்த்தை, அப்படியே:

"மாமா, அவருக்குச் சொல்லுங்க, நாவுலச் சாக்கு இன்னம் ஈரமாத்தான் ஈக்கி."

திரும்பினேன். "ஃபாஸில், நாவுலச் சாக்கு…"

"கேட்டிச்சி மாமா. எப்பக் காயும்னு கேளுங்க."

"கேட்டிச்சின்னா நேரா அவனையே கேளேன்டா!"

"அவரு எனக்கிட்டப் பேசல்லயே. ஒங்கள்ட்டத்தானே பேசின."

இதுதான் இந்தக் கடையின் சட்டம். காதில் விழுவது வேறு, சொல்லப்படுவது வேறு. என் வாய் வழியாக வராத எதுவும் இங்கே சொல்லப்பட்டதாகக் கணக்கில்லை. என் வாய் என்ன சுங்கத் திணைக்களமா?

காரணம் கேட்டால் கல் சிரிக்கும். ரிஸ்வானின் மகள் கல்யாணம். சஹன் என்றால் பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு. மாப்பிள்ளையின் வாப்பா இருந்த முதல் சஹனில் ஃபாஸிலையும் உட்காரவைத்து ஒரே தட்டில் சாப்பிடவைப்பதுதான் முறை. ரிஸ்வான் அந்த இடத்தில் ஒரு பேங்க் மனேஜரை உட்காரவைத்துவிட்டான். ஃபாஸிலைக் கொண்டுபோய்க் கை கழுவும் தொட்டிப் பக்கத்துச் சஹனில் போட்டார்கள். அவன் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனான். அன்று மூடிய வாய்.

மூன்று நாளுக்கு மேல் பேசாமலிருப்பது கூடாது என்று இருவருக்கும் தெரியும். அதனால் காலையில் சலாம் சொல்லிக்கொள்கிறார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும்." "வஅலைக்குமுஸ்ஸலாம்." முடிந்தது. மார்க்கத்தையே விதிப்புத்தகமாக்கிய மகா மேதைகள்.

பல் வலிக்கிறது.

ஜனவரி 22, புதன்

தூறல். இஞ்சி வாங்க மறந்து சுபைதாவிடம் ஏச்சு.

ஃபாஸிலின் மகள் ஸம்ஹா ஏ.எல். பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வணிகத் தொடர்பாடலின் தடைகள். இரைச்சல். தூரம். மொழி வேறுபாடு. பதவி வேறுபாடு.

"மச்சான்மார் கோவம் அதில ஈக்கா?" என்றேன்.

"இல்ல மாமப்பா. சிலபஸ்ல இல்ல."

"அப்ப கிழிச்சிப் போடு அந்தப் புத்தகத்த."

"மறுகா நான் எப்பிடிப் பாஸ் பண்றது?"

நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தப் புத்தகம் எழுதினவரை ஒரு வாரம் என் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். இரைச்சலாம்! இங்கே எறும்பு கொட்டாவி விட்டாலும் கேட்கும். தூரமாம்! ஒருவன் தும்மினால் மற்றவனுடைய பிளேன்டீ நனைகிறது.

மதியம் பெரிய இடி. ஒரு பாஸ் வந்தான், சிங்களத் தச்சன். கடையின் நடுவில் டேப் பிடித்து அளந்தான். வாசலிலிருந்து பின்சுவர் வரை பலகை அடிக்கப்போகிறார்களாம்! அந்தப் பக்கம் ஒரு கடை, இந்தப் பக்கம் ஒரு கடை. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரே கருத்தாக ஒப்புக்கொண்ட முதல் விஷயம் இதுதான். ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து முடித்துவைத்ததும் நானேதானாம். இவன் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவனுக்கும் கடத்தினேன், என்னவென்று யோசிக்காமலே.

ஏற்பாடு இப்படி: சனிக்கிழமை கொ.க. மிளகு ஏற்ற வருகிறது. சரக்கு ஒழுங்காகப் போனால் கடை இப்படியே ஓடும். குழம்பினால் கொ.க. கையை விடும், அடுத்த நாளே பலகை.

சுபைதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நானா, கடைக்கு நடுவுல பலக அடிச்சா அது கடையோட நிக்குமா? ரெண்டு பேர்ட வீடும் ஒரே வளவு. பொறகு வளவுக்கும் வேலி வரும். நான் எந்தப் பக்கம் இரிக்கிற?"

பகிடியாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பல் வலிதான் வந்தது. எனக்கு! மாத்தளை முழுவதற்கும் பகிடி ஏற்றுமதி செய்கிற எனக்கு!

ஜனவரி 23, வியாழன்

சாடையான வெயில். நாவுல பஸ், நின்றுகொண்டே பயணம். நோயாய்க் கிடக்கும் சித்தப்பா மகனைப் பார்த்துவிட்டு வந்தேன். நோயாளி என்னைவிடக் கொழுகொழு. கத்தரிக்காய் ஒரு மூட்டை தந்தான். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டுக்குட்டி. பஸ்ஸில் அவற்றுக்கும் டிக்கெட் கேட்பார்களோ என்று பயந்தேன்.

கடைக்குப் போகவில்லை. ஒரு நாள் தூதரகம் மூடியிருந்தால் வானம் இடிந்து விழுமா?

ஜனவரி 24, வெள்ளி

விழுந்தது.

காலையில் கடை வாசலில் லொறி. லொறியா அது? மணிக்கூட்டுக் கோபுரத்தைப் படுக்கப்போட்டுச் சக்கரம் பூட்டியது போல. கொ.க.வின் லொறி. சனிக்கிழமை வர வேண்டியது வெள்ளிக்கிழமை நிற்கிறது. முன்னால் திலக் மஹத்தயா, கம்பனியின் கொள்முதல் அதிகாரி. கையில் ஈரம் பார்க்கும் மிசின்.

பல்லேபொலச் சாக்குகள் காய்ந்து தைத்து அடுக்கி. நாவுலச் சாக்குகள் இன்னும் பின் வளவுக் கொட்டகையில் படங்குச் சீலையின் மேல் பரத்தி.

ஃபாஸிலை ஓரமாக இழுத்தேன். "இன்னைக்கு வருதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"நேத்துக் காலைல கோல் எடுத்தாங்க மாமா. கப்பல் முந்துதாம்."

"மறுகா ஏன்டா ரிஸ்வானுக்குச் சொல்லல்ல?"

"நீங்க இல்லியே."

நாவுலப் பஸ்ஸில் ஏறியது என் குற்றமாம்! இந்தப் பக்கம் ரிஸ்வானைப் பிடித்தேன்.

"போன்ல அவன் சத்தமாத்தானே பேசியிருப்பான். ஒன் காதுல விழல்லயா?"

"விழுந்திச்சி. வெள்ளிக்கெழம லொறி, ரெடியா ஈக்கும், சரின்னான்."

"மறுகா?"

"அது கொழும்புக்காரருக்குச் சொன்ன மாமா. எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல."

இந்த வாக்கியத்தைத் தங்கத்தில் பொறித்து மாத்தளை பஸ் நிலையத்தில் தொங்கவிட வேண்டும். கோபத்தில் என் தொப்பி ஒரு சாண் மேலே போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது. ஒரு முழ தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு சரக்கை, ஒரு கடையை, ஒரு தாயின் நித்திரையைப் பாழாக்குகிறான்கள்! கேட்டால் சட்டம் பேசுகிறான்கள்!

திலக் மஹத்தயா பல்லேபொலச் சாக்கில் மிசினைக் குத்தினார். தலையை ஆட்டினார். பின் வளவுக்குப் போய்ப் படங்கில் இருந்ததில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்தது. சிங்களத்தில் கேட்டார்: "நேற்றே சொன்னேனே? இவருக்குத் தெரியாதா? நீங்கள் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லையா?"

பேச வேண்டியது நான்தான். தூதர். வயதில் மூத்தவன். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றே வாயைத் திறந்தேன். "மஹத்தயா, இவனுகள்…"

ரிஸ்வான் என் இடது காலை மிதித்தான். ஃபாஸில் வலது காலை மிதித்தான். ஒரே நொடியில்! சைகை இல்லை, கண்ஜாடை இல்லை, நடுவில் தூதரும் இல்லை!

"அபோ நே மஹத்தயா!" அப்படியெல்லாம் இல்லை ஐயா என்று ஒரே குரலில் இருவரும்.

பிறகு நடந்ததை ஒருவரும் நம்பப்போவதில்லை. ரிஸ்வான் ஃபாஸிலின் பக்கம் திரும்பினான். முழு உடம்போடு. முகத்தைப் பார்த்து, சுத்தச் சிங்களத்தில் சொன்னான்: "மச்சங், நாவுலச் சரக்குக்கு இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று நேற்று உனக்குச் சொன்னேன் அல்லவா?"

சொல்லவே இல்லை. ஃபாஸிலுக்கு இமை ஆடவில்லை. அவனும் சிங்களத்தில்: "சொன்னாய் மச்சங். மஹத்தயாவுக்கு அதைச் சொல்ல வந்தபோதுதானே லைன் கட்டாகிவிட்டது."

"நீ திருப்பி எடுத்தாய் அல்லவா?"

"எடுத்தேன். கிடைக்கவில்லை."

பொய்மேல் பொய், ஒருவன் செங்கல் வைக்க மற்றவன் சாந்து பூசினான். பல்லேபொலச் சாக்குகளை இன்றே ஏற்றுவது, நாவுலச் சரக்கைச் செவ்வாய்க்கிழமை இவர்களே கொழும்புக்குக் கொண்டுபோய் இறக்குவது, லொறிக் கூலி கடைப் பொறுப்பு. எல்லாம் அங்கேயே, நின்ற இடத்திலேயே, ஒருவனையொருவன் கேட்டு, ஒருவனுக்கொருவன் தலையாட்டி! திலக் மஹத்தயா கொஞ்சம் முறைத்தார், பிறகு ஒரு பிளேன்டீ குடித்தார். "இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு கடை பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏற்றச் சொன்னார்.

லொறி திரும்பி மறைந்தது. இனி பழைய ஊமைப்படம்தான் என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ரிஸ்வான் என் தலைக்கு மேலால் ஃபாஸிலைப் பார்த்து, சிங்களத்தில், "ஜும்ஆ முடிந்ததும் படங்கில் மிளகைத் திருப்பிப் போட வேண்டும்" என்கிறான். "ஹரி" என்கிறான் ஃபாஸில், சரியாம்.

"டேய்! லொறி போயிட்டு! இனித் தமிழ்ல பேசுங்கடா!"

"தமிழ்ல பேசறதில்லன்னுதானே மாமா ஈக்கிற" என்றான் ஃபாஸில், என்னவோ நான்தான் சபையைக் குழப்புகிறவன் மாதிரி.

"அன்னைக்கிக் கல்யாண மண்டபத்தில சண்ட போட்டது தமிழ்ல" என்று விளக்கம் தந்தான் ரிஸ்வான்.

அதாவது கோபம் தமிழுக்கு மட்டும் சொந்தம்! சிங்களத்துக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை, அது சஹனில் உட்காரவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை! இந்த ஓட்டை இருப்பது தெரியாமல் நான் எவ்வளவு காலம் கழுத்தை அங்கும் இங்கும் திருப்பினேன்! கழுத்து இப்போது ஆந்தையைப் போல முழு வட்டம் சுற்றுகிறது.

ஜும்ஆவுக்கு ஓட்டம். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். நனைந்தேன்.

ஜனவரி 25, சனி

வெயில்! படங்கு முழுக்க மிளகு. வளவே காரமாக மணக்கிறது. தும்மல்.

பாஸ் பலகையோடு வந்தான். ஃபாஸில் அவனிடம், "இப்போதைக்கு வேண்டாம்" என்றான். ரிஸ்வான், "அதே பலகையில் சாக்கு வைக்கத் தட்டு அடி" என்றான். பிறகு எவ்வளவு உயரம் என்பதில் இருவரும் சிங்களத்தில் சண்டை. நேருக்கு நேர், கையை ஆட்டி. பாஸ் நடுவில் நின்று முழித்தான். பாவம், அது என் பழைய உத்தியோகம்.

என் நிலைமை: நாற்காலியில் சாதிக்காய் மூட்டை ஏற்றிவிட்டார்கள். ஒரு நன்றி? ஒரு பிரியாவிடை? மாலை போட வேண்டாம், ஒரு பிளேன்டீயும் பணிஸும்? ஸம்ஹாவின் புத்தகம் மொழி வேறுபாட்டைத் தடை என்கிறது. இரண்டு மாத்தளை மச்சான்மார் அதைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியவருக்கு அறிவிக்க வேண்டும்.

சுபைதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பேசறானுகளா நானா?"

"பேசறானுகள்."

"மெய்யாவா? கல்யாணக் கதையையும் பேசித் தீத்துக்கிட்டானுகளா?"

"அது இன்னம் எடுக்கல்ல. சிங்களத்தில மிளகு மட்டும்தான்."

"சரி, பேசட்டும்" என்றாள். "என்ன பாஷையா இருந்தா என்ன." உள்ளே போய் நல்லாத் தூங்கினாளாம். மதியத்தில்! சுபைதா!

பல் வைத்தியரிடம் திங்கள் போக வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம். லொறி அவ்வளவு பெரியதில்லை. கத்தரிக்காய் கத்தரிக்காய் அளவுதான். என் காலை மிதித்தது ஒருவன்தான், மற்றக் கால் நான் சேர்த்தது. தொப்பி பறக்கவில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நடந்தபடியே நடந்தது. நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு, மறந்து விட்ட குடையை எடுக்கக் கடைக்குத் திரும்பி வந்தேன். திலக் மஹத்தயா இல்லை, வாடிக்கையாளர் இல்லை, நான் வந்ததும் அவர்களுக்குத் தெரியாது. ரிஸ்வான் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே ஃபாஸிலிடம் கேட்டான், "கேவத?" என்று. சாப்பிட்டாயா என்று.