மனப்பாடம் செய்து பாஸான கண்

என் அருமைச் சோடாபுட்டி அப்பாவுக்கு,

அசதியாக இருக்கிறது அப்பா. இடது கண்ணில் லேசர் வைத்து இன்று நாலாவது நாள். கனம் தூக்காதே, குனியாதே என்று அம்மா முகப்பேர் ஃபிளாட்டில் என்னைக் காவல் காக்கிறாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இந்த மூன்று வருடத்தில் பகல் நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் கண்தான் எனக்கும். பவர் மைனஸ் பதினான்கு. கண்ணாடியைக் கழற்றினால், கழற்றிய கண்ணாடியைத் தேடவே ஆள் வேண்டும். போன மாதம் இடது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. கூடவே கரும்புள்ளிகள். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. கம்ப்யூட்டரையே பார்த்தால் இப்படித்தான் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்? ஆவடி தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவருக்குக் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அது வெல்டிங் வெளிச்சம்தான், வேறென்ன. "கண்ணுல தங்கிக்கினு கீது, தூங்கி எய்ந்தா பூடும்" என்றீர்கள். அது போகவில்லை. வலது கண்ணில் கறுப்புத் திரை இறங்கியது. அந்த வாரம் பார்த்துத் தொழிற்சாலையில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை.

விஷயம் தெரிந்தால் வெல்டிங்கிலிருந்து எடுத்து எங்காவது மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தீர்கள். முதல் நாள் போய்வந்த நண்பர், கண் பரிசோதனைப் பலகையில் இருந்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்போது நாம் குடியிருந்த சேக்காட்டு வீட்டில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் அவற்றை உங்களுக்கு ஒப்புவிக்கச் சொல்லிக் கொடுத்தேன். "இன்னொரு தபா கேளும்மா" என்பீர்கள், நான் வரிவரியாகக் கேட்பேன்.

பாஸானீர்கள். எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தீர்கள். ஆறு மாதம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில், "விழித்திரை பிரிந்து ரொம்ப நாளாகிறது, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நானும் உங்களைப் பார்க்கவில்லை. அந்தக் கண் திரும்பவே இல்லை.

என் விஷயத்தை அம்மாதான் கண்டுபிடித்தாள். சாப்பிடும்போது நான் கையை வீசியதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, இல்லாத கொசுவ ஓட்டிகினு கீற? உங்கப்பாவும் இப்டித்தான் கைய ஆட்டிகினு இருந்தாரு" என்றாள். மறுநாள் ஆட்டோவில் என்னை ஏற்றி அம்பத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே முதலில் ஒரு பெண் பலகையைப் படிக்கச் சொன்னார். வலது கண்ணால் படித்தேன். பிறகு அதை மூடி, இடது கண். புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் புகைமூட்டம். ஆனால் அதே பலகை அப்பா, அதே எழுத்துகள், ஒரு நிமிடத்துக்கு முன்பு படித்தவை. வாய் தானாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. இரண்டு வரி சரளமாகச் சொல்லிவிட்டேன். யாரை ஏமாற்ற? அம்மா மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க, ஞாபகத்துல இருந்து சொல்லிட்டேன். எழுத்து கண்ணுக்குத் தெரியலை" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு கஷ்டம் என்றால், வேலை பயத்தோடு நின்ற உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்துப் பார்த்த டாக்டரம்மா, "கிழிசல் இருக்கு, கொஞ்சம் ரத்தமும் கசிஞ்சிருக்கு. நல்லவேளை, விழித்திரை இன்னும் பிரியலை. கிழிசலைச் சுத்தி லேசர் வெச்சிடலாம்" என்றார். தாடையை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் உட்காரச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. சில இடத்தில் ஊசி குத்தின மாதிரி சுருக்கென்றது. உங்கள் வேலைதான் அப்பா அது. ஓட்டையைச் சுற்றி வரிசையாக வெல்டு வைத்து, மேலே பிரியாமல் நிறுத்துகிறார்கள். பவர் குறையாது, புள்ளிகளும் உடனே போகாது என்று சொல்லிவிட்டார்கள். தழும்பு பிடித்து இறுகச் சில வாரம் ஆகுமாம். திரை மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே ஓடிவர வேண்டுமாம்.

உங்கள் பேத்தி நிலாவுக்கு இப்போதே மைனஸ் ஆறு. அவளுக்கும் சனிக்கிழமை பரிசோதனை. நேற்று வந்து, "போர்டுல என்ன எழுத்து இருக்கும்மா? முன்னாடியே சொல்லிடு, படிச்சிட்டு வரேன்" என்றாள். பரீட்சை என்று நினைத்துவிட்டது பிள்ளை. எனக்கு எல்லா வரியும் மனப்பாடமாகத் தெரியும்.

சொல்லவில்லை அப்பா. சொல்லவும் மாட்டேன்.

அன்று உங்களைப் பாஸாக்கிய மகள்,
சுமதி