தொலைந்த பாக்கெட் எங்கே போகும்?

அறிக்கைக் கட்டு இன்று காலை என் மேசைக்கு வந்தது. மேலே கிடந்ததை எடுத்தேன். ஜெராக்ஸ் கடைச் சூடு இன்னும் ஆறவில்லை. மை வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்புதான். படிப்பதற்கு முன்னால் அறிக்கையை முகர்ந்து பார்க்கிற வாத்தியாரம்மா இந்தப் பாலிடெக்னிக்கில் நீ ஒருத்திதானே. "ஏளா, இது இன்னைக்குக் காலைல பொறந்த பிள்ள. எங்கேருந்து எடுத்தான்னு கேளு" என்பாய். கேட்டால் பயல் தலையைச் சொறிவான்.

நீ கண்ணை மூடிய பிறகு வருகிற முதல் மதிப்பீடு இது. உன் நாற்காலியில் புதிதாக வந்த சார் உட்கார்ந்திருக்கிறார். சின்ன வயது, கெட்டிக்காரர், எதிலும் அவசரம். நல்ல மனிதர்தான். உன் நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் எரிச்சல் வருகிறது, என்ன செய்ய?

தலைப்பு வழக்கம்போல 'இணையம் எப்படி இயங்குகிறது'. முக்கால்வாசி அறிக்கைகள் ஒரே அச்சு. படம், அம்புக்குறி, முடிவுரை எல்லாம் எங்கிருந்தோ எடுத்தவை. தேடினாலும் ஒரு தப்பு கிடைக்காது. ஒன்று மட்டும் தனியாக இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்து வருகிற பெண் எழுதியது. நாம் அனுப்பும் செய்தி பாக்கெட் என்கிற சின்னத் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் விலாசம் எழுதிய கன்டெய்னர் பெட்டியாகப் போகிறதாம். ஒரு பெட்டி கொழும்பு வழியாக, இன்னொன்று நேராக. போய் இறங்கிய இடத்தில் நம்பர் பார்த்து அடுக்கிக்கொள்கிறார்களாம். படிக்கப் படிக்க எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பக்கத்தைத் திருப்பினால் தலையில் குண்டு. 'போய்ச் சேராத பெட்டி அனுப்பியவரிடமே திரும்பி வந்துவிடும்' என்று எழுதியிருக்கிறாள். இணையத்தில் அப்படி ஏது? தொலைந்தது தொலைந்ததுதான்.

"அடிப்படையே தப்பு மேடம். ஃபெயில் போட்டுருவோம்" என்றார் சார். இதில் போனால் அவள் டிப்ளமோ ஒரு பருவம் தள்ளிப்போகும். சென்னையில் கிடைத்திருக்கிற வேலையும் போய்விடும். எனக்குச் சுள்ளென்று ஏறியது. காப்பி அடித்தவனெல்லாம் பாஸ், சொந்தமாக யோசித்தவள் ஃபெயிலா? அந்த வரியைப் பார்க்காததுபோல முழு மார்க் போட்டுவிடுவோம் என்று பேனாவைத் திறந்தும்விட்டேன்.

அங்கேதான் நீ குறுக்கே வந்தாய். நம் சண்டையெல்லாம் இதில்தானே? உப்பளத்தைப் பார்த்த கேன்டீன் ஜன்னலோரம், வடையைப் பாதியில் வைத்துவிட்டு, தப்பாக எழுதியிருந்த ஒரு பையனைப் பற்றி ஒருநாள் கேட்டாய்: "நீ பாவம் பாத்து மார்க்கப் போட்டுருவ. அந்தப் பய அதே தப்போட வேலைக்குப் போயி நிப்பான். அங்கன யாருளா பாவம் பாப்பாவ?" நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். மறுநாள் நீ அவனைக் கூப்பிட்டு, அறிக்கையைக் கவிழ்த்து வைத்து, "டீக்கடை அண்ணாச்சிக்குச் சொல்லுத மாதிரி சொல்லு" என்றாய். அப்படிக் கேட்காமல் நீ யாரையும் ஃபெயில் போட்டதில்லை. ஒரு மார்க்கும் சும்மா கொடுத்ததில்லை.

நானும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அறிக்கையைக் கவிழ்த்து வைத்தேன். கடகடவென்று சொன்னாள். திரும்பி வரும் பெட்டியில் நிறுத்தினேன்.

"பெட்டி நடுக்கடல்ல விழுந்துட்டு. எப்படிம்மா திரும்பி வரும்?"

"எங்கப்பா கன்டெய்னர் யார்டுலதான் மேடம் வேல பாக்காவ. எடுக்க ஆள் இல்லன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிருவாவ."

"அது போய்ச் சேந்த பெட்டி. நான் கேக்கது சேராத பெட்டிய."

அவள் கண் கலங்கிவிட்டது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு விடையைச் சொல்லிவிட வாய் துறுதுறுத்தது. இந்த மாதிரி நேரத்தில் நீ மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாய். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"வராது மேடம்" என்றாள் மெதுவாக. "வந்து சேந்துட்டுன்னு அங்கேருந்து தாக்கல் தகவல் வரணும். கொஞ்ச நேரம் பாத்தும் தாக்கல் வரலன்னா, தொலைஞ்சிட்டுன்னு நாமளே புரிஞ்சுக்கிட்டு இன்னொண்ணு அனுப்பணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்மகிட்ட ஒரு நகல் இருக்கணும்லா?" என்று அவளே கேட்டாள்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் வெளியே போனதும், "முழு மார்க்கே போடலாம் மேடம்" என்றார். நான் அந்தப் பக்கத்துக்கு உண்டான மார்க்கை வெட்டினேன். அவருக்கு ஆச்சரியம். "இவ்வளவு அழகாச் சொன்னாளே, பாவம்" என்று வாதாடினார். எழுதினது தப்பு, தப்புக்கு மார்க் கிடையாது என்று நானும் விடாமல் நின்றேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். அவள் பாஸ்.

உன் தரப்புப் பேச்சையும் இனிமேல் நானே பேசியாக வேண்டும் போலிருக்கிறது. இத்தனை வருடம் உன்னிடம் தோற்றுத் தோற்றே பழகியவள் நான். இன்று ஜெயித்துவிட்டேன், ஏளா. கேன்டீனுக்குப் போய் ஒரு வடை வாங்கினேன். பாதியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு எழுந்து போக, எதிரே நீ இருந்தால்தானே?